அம்மா ‘ஒத்துழைக்கவில்லை’

என் அம்மாவுக்கு வயது 58. பன்னிரண்டு வயதில் நடவுக்கு இறங்கியவர். காலை ஏழு மணிக்குச் சேற்றில் கால் வைத்தால் பிற்பகல் இரண்டு மணிவரை முதுகு நிமிர்த்தாமல் நடுவார். அப்படிப்பட்டவரைப் பற்றி ஒரு பெரிய மருத்துவமனையின் அறிக்கையில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. பரிசோதனையின்போது நோயாளி போதிய அளவு நடக்கவில்லை, ஒத்துழைக்கவில்லை என்பது அதன் பொருள். அந்த வரி எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தை மாதம், நவரை நடவு. நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தபோது அம்மாவுக்கு நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருந்திருக்கிறது. இடது தோளும் கடுத்திருக்கிறது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் வயலில் இறங்கியிருக்கிறார். மறுநாளும் அதே இறுக்கம் வந்ததும், உடன் நட்ட பெண்கள்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இ.சி.ஜி. எடுத்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க’ என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அந்தச் செவிலியருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

பெரிய மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அங்கே மருத்துவர் பார்த்தது இரண்டு நிமிடம். ‘எக்கோ’ என்று ஒரு சீட்டு, ‘டி.எம்.டி.’ என்று இன்னொரு சீட்டு. எக்கோவுக்குப் பன்னிரண்டு நாள் கழித்துத் தேதி. வரிசையில் நின்றவர்களில் யாரோ ‘வெறும் வயித்துல வரணும்’ என்றார்கள். அம்மா சர்க்கரை நோயாளி. எக்கோ நாளன்று சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் போயிருக்கிறார். பதினோரு மணிக்கு வரிசையிலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஒருவர் கொடுத்த டீயும் பன்னும்தான் அவரைத் தூக்கி நிறுத்தின. வழக்கமான எக்கோவுக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. அதை ஒரு தாளில் எழுதி அறைக் கதவில் ஒட்டியிருந்தால் போதும்.

எக்கோ முடிந்தது. ‘என்னா சாமி சொல்லுது?’ என்று அம்மா கேட்டிருக்கிறார். ‘நார்மல்தான், போ’ என்று பதில் வந்திருக்கிறது.

அம்மா போய்விட்டார்.

எனக்குப் போன் செய்து, ‘நார்மல்னு சொல்லிட்டாங்கடா தம்பி’ என்றார். நான் முதுகலை படித்தவன். எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவர்களில் ஒருவன். நானும் ‘நல்லதும்மா’ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த அறிக்கையை மருத்துவரிடம் திரும்பக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. இரண்டாவது சீட்டு எதற்கு என்றும் தெரியாது. நார்மல் என்றால் நோய் இல்லை, நோய் இல்லை என்றால் மாத்திரை எதற்கு என்று அம்மா மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு நள்ளிரவில் அதே இறுக்கம் வந்தது. இந்த முறை வியர்த்துக் கொட்டியது. நான் ஓடிவந்து மஞ்சள் பையைக் கொட்டிப் பார்த்தபோது அந்த டி.எம்.டி. சீட்டு மடித்தபடியே கிடந்தது. தேதி தாண்டிப் போயிருந்தது.

அம்மாவும் ஓடுகிற பெல்ட்டும்

மூன்றாவது பயணத்தில் புதிய தேதி வாங்கினோம். நான்காவது பயணத்தில் சோதனை. எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சித்தி உடன் போனார். அவரை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே என்ன நடந்தது என்று அம்மா பிறகு சொன்னார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். ஓர் இயந்திரத்தின் மேல் ஏறச் சொன்னார்கள். திடீரென்று காலுக்குக் கீழே தரை நகர்ந்தது. ‘நட, நட, வேகமா நட’ என்று சத்தம் போட்டார்கள். கட்டியிருந்த புடவை தடுக்கியது. கரண்ட் ஒயர் உடம்பில் இருக்க, தரை ஓட, விழுந்தால் செத்துவிடுவோம் என்று பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இரண்டே நிமிடம். ‘இந்த ஆயாவால ஒண்ணும் ஆகாது, எறங்கு’ என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அறிக்கையில் அந்த ஆங்கில வரி ஏறியது.

நாற்பத்தாறு வருடம் சேற்றில் நடந்த ஒரு பெண்ணுக்கு நடக்கத் தெரியவில்லை என்று ஓர் இயந்திரம் முடிவு செய்துவிட்டது. இது என்ன பரிசோதனை, தரை ஏன் ஓடுகிறது, மூச்சு வாங்கினால் சொல்லலாமா, நிறுத்தச் சொல்லலாமா என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அம்மா நடந்திருப்பார்.

ஐந்தாவது பயணத்தில் மருத்துவர் ‘ஆஞ்சியோ பண்ணணும்’ என்றார். ஒரு படிவத்தை நீட்டிக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். படிவம் முழுக்க ஆங்கிலம். ‘என்னா இது?’ என்று அம்மா கேட்டதற்கு, ‘உயிருக்கு எதுனா ஆனா நாங்க பொறுப்பில்லன்னு’ என்று ஓர் ஊழியர் விளக்கம் கொடுத்திருக்கிறார். நான் மருந்து வாங்கப் போய்த் திரும்புவதற்குள் அம்மாவைக் காணோம். பேருந்து நிலையத்தில் கண்டுபிடித்தேன். ‘நெஞ்சக் கிழிக்கப் போறாங்களாம். நான் ஊட்டுலயே சாவறேன்’ என்றார். மருத்துவமனைப் பதிவேட்டில் ‘சொல்லாமல் சென்றவர்’ என்று எழுதிக்கொண்டார்கள்.

ஐந்து நிமிடம்

ஆறாவது முறை கெஞ்சிக் கூத்தாடித்தான் அழைத்துப் போனேன். அன்று ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார். பயிற்சி மருத்துவர்போலத் தெரிந்தது. ‘உக்காருங்கம்மா’ என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆறு பயணத்தில் அந்தக் கட்டடத்தில் அவரை ‘ங்க’ போட்டு அழைத்த முதல் ஆள் அவர்.

‘என்னா வேலம்மா செய்றீங்க?’ என்று கேட்டார். நடவு என்றதும் ஒரு சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டார். ‘உங்க இதயம் ஒரு வயலுன்னு வெச்சுக்கங்க. அதுக்குத் தண்ணி கொண்டு வர்ற பெரிய வாய்க்கா மூணு இருக்கு. எக்கோவுல வயலப் பாத்தோம். பயிர் பச்சையாத்தான் இருக்கு. ஆனா வாய்க்கால்ல எங்கயாச்சும் மண்ணு அடைச்சிருக்கான்னு எக்கோவுல தெரியாது. அடைப்பு இருந்தா கடைமடை காஞ்சிபோவும் இல்லியா? அதத்தான் ஆஞ்சியோவுல பாக்கப் போறோம். நெஞ்சக் கிழிக்க மாட்டோம். மணிக்கட்டு வழியா நூலு மாதிரி ஒரு குழாய் வுட்டு, மருந்து செலுத்தி, படம் எடுப்போம். நீங்க முழிச்சுக்கிட்டேதான் இருப்பீங்க.’ ஆபத்து அறவே இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. என்ன ஆகலாம், ஆனால் என்ன செய்வோம் என்பதையும் சொன்னார்.

அம்மா அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ‘இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் வந்திருப்பனே தாயி’ என்றார்.

ஐந்து நிமிடம்தான் ஆனது. ஆஞ்சியோ எடுத்தார்கள். ஒரு ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். எங்களுக்குச் செலவு இல்லை. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் தை மாதம் தெரிந்திருக்க வேண்டிய அடைப்பு சித்திரையில்தான் தெரிந்தது. அந்த மூன்று மாதத்தில் அவர் உயிரோடு இருந்தது அதிர்ஷ்டம் என்று பிறகு சொன்னார்கள். ஏழை எளிய மக்களின் உயிரை அதிர்ஷ்டத்தின் கையில் விட்டுவைப்பதற்கா இத்தனை பெரிய கட்டடம்?

கேட்காமலே தெரியும் சாதி

இதில் சாதி எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே யாரும் எங்கள் சாதியைக் கேட்கவில்லை. யாரும் திட்டமிட்டு அம்மாவை ஒதுக்கினார்கள் என்று நான் சொல்லவும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் நிற்கும் வரிசைக்கு ஒன்றிரண்டு மருத்துவர்கள் என்றால் அவர்களும் மனிதர்கள்தான்.

ஆனால் அன்றைக்கு அதே எக்கோ அறைக்கு எங்கள் ஊர்த் தெருவிலிருந்தும் ஒருவர் வந்திருந்தார். அவருடைய அக்கா மகன் அங்கே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவருக்கு நாற்காலி கிடைத்தது. அறிக்கையில் என்ன இருக்கிறது, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கிழமை வர வேண்டும் என்று அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நோயாளிக்குக் கிடைக்க வேண்டியதுதான் அவருக்குக் கிடைத்தது. என் கேள்வி வேறு. அலுவலகத்தில் அக்கா மகன் இருப்பவருக்கு மட்டும் கிடைத்தால் அது உரிமையா, சலுகையா? தலைமுறை தலைமுறையாகப் படிப்பும் வேலையும் மறுக்கப்பட்ட தெருவுக்கு ஆஸ்பத்திரியில், தாலுகா ஆபீசில், வங்கியில் அக்கா மகன்கள் எங்கிருந்து வருவார்கள்? இன்றைக்குச் சாதி பல இடங்களில் கதவை அடைப்பதில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வழி சொல்லாமல் இருந்துவிடுகிறது.

இன்னொன்று, அந்த ‘போ’. தலை நரைத்த பெண்ணை, கூலிக்காரி என்று பார்த்ததும் தெரிந்துகொண்டு ‘வா, போ, எறங்கு’ என்று பேசும் பழக்கம் மருத்துவமனையில் பிறந்ததல்ல. ஊரிலிருந்து அங்கே போனது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் சொல் போனாலும் தொனி போக வேண்டுமே. ஒருமையில் விரட்டப்படுகிறவர் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார். மருத்துவத்தில் அந்த இரண்டாவது கேள்வியில்தான் உயிர் இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கை நினைவுகளை எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். கத்தியவாரில் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். பிள்ளை பெற்ற அவருடைய மனைவிக்கு உடல்நிலை மோசமாகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவரச் செய்கிறார். தொடாமல் பார்க்கிறார். வெப்பமானியை ஓர் இஸ்லாமியரிடம் கொடுக்கிறார். அவர் அதைக் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைத்துப் பார்த்து, அதே வழியில் திருப்பிக் கொடுக்கிறார். அந்தப் பெண் இறந்துவிடுகிறார். அந்த ஆசிரியரின் கடிதம் 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்தது.

இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. மருத்துவர்கள் தொடுகிறார்கள், ஊசி போடுகிறார்கள், உயிரைக் காப்பாற்றுகிறார்கள். அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் அன்று வெப்பமானி மூன்று கை மாறியதுபோல், இன்று எங்கள் மக்களிடம் தகவல் மூன்று வாய் மாறித்தான் வருகிறது. மருத்துவர் சொன்னதை வாயிற்காப்பாளர் சொல்கிறார், அவர் சொன்னதை வரிசையில் நிற்பவர் சொல்கிறார். மருத்துவர் நேராகப் பேசும் உரிமை இன்னும் எல்லாருக்கும் வந்து சேரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. விவசாயத் தொழிலாளர்களின் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் போனது. அவசர சிகிச்சை தராதது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை வாங்கிக் கொடுத்தவர்கள் நம்மைப்போன்ற கூலித் தொழிலாளிகள் என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றைத் தெளிவாக்கியது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை விளக்கிய பிறகு தரப்படுவதுதான் ஒப்புதல். தெரியாத மொழியில் உள்ள படிவத்தில் வாங்கிய கைநாட்டு ஒப்புதல் ஆகாது. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. உயிரைப் பற்றிய படிவம் மட்டும் ஏன் இன்னும் ஆங்கிலத்தில் இருக்கிறது?

இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002-ஆம் ஆண்டு நன்னெறி விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். 2018-ல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் உள்ளன. தகவல் பெறுவதும் பாகுபாடின்றி நடத்தப்படுவதும் அவற்றில் அடங்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழைவதைத் தடுப்பதையும் குற்றமாக்கியது. நுழைய உரிமை இருக்கிறது. நுழைந்த பிறகு புரிந்துகொள்ளும் உரிமைதான் இனி வேண்டும்.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒவ்வொரு பரிசோதனைச் சீட்டின் பின்புறமும் தமிழில் ஐந்து வரி அச்சடிக்கலாம்: இது என்ன சோதனை, எதற்கு, சாப்பிட்டு வரலாமா, எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், முடிவை யாரிடம் எந்தக் கிழமை காட்ட வேண்டும். இதயப் பிரிவு வாசலில் விளக்கம் சொல்ல ஒரு செவிலியரை உட்கார வைக்கலாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுத்து, வாசித்தும் காட்டலாம். ‘நீங்கள்’ என்று பேசச் சொல்லி ஒரு சுற்றறிக்கை விடலாம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவரும் அரசால், பரிசோதனை பற்றிய ஐந்து வரியைக் கொண்டுவர முடியாதா?

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

நம் தெருவில் இன்று கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அக்கா மகன் இல்லாத பெரியவர்களுக்கு நீங்கள்தான் அக்கா மகன், அண்ணன் மகள். கூடப் போங்கள். போகுமுன் இவ்வளவு தெரிந்துகொள்ளுங்கள்.

இ.சி.ஜி. என்பது இதயத்தின் மின்துடிப்பைக் காட்டும். அது சரியாக இருந்தாலும் அடைப்பு இருக்கலாம். எக்கோ என்பது ஒலி அலைகளால் எடுக்கும் படம். இதயத் தசையும் வால்வும் எப்படி இயங்குகின்றன என்று காட்டும். டி.எம்.டி. என்பது நடக்க வைத்து, உழைக்கும்போது இதயத்துக்கு ரத்தம் போதுமா என்று பார்ப்பது. அதற்கு முன் சில மணி நேரம் சாப்பிடக் கூடாது, வசதியான உடை வேண்டும், நெஞ்சு வலித்தால் உடனே சொல்ல வேண்டும். ஆஞ்சியோ என்பது ரத்தக்குழாயைப் படம் எடுப்பது. அது நெஞ்சைத் திறக்கும் அறுவை சிகிச்சை அல்ல. அதற்கு முன் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை செய்வார்கள். எந்தச் சோதனைக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள்.

‘நார்மல்’ என்று யாராவது சொன்னால், ‘எது நார்மல்? அடுத்து என்ன? யாரைப் பார்க்கணும்?’ என்று கேளுங்கள். எல்லாச் சீட்டையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. நோய் வந்த பிறகு அலையாமல் முன்பே அட்டை வாங்கி வையுங்கள். சந்தேகம் என்றால் 104, நெஞ்சுவலி என்றால் தயங்காமல் 108. தகவல் மறுக்கப்பட்டால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

அந்த இளம் மருத்துவர் வரைந்த வாய்க்கால் படத்தை அம்மா மாத்திரை டப்பாவில் மடித்து வைத்திருக்கிறார். போன வாரம் எதிர்வீட்டு அத்தைக்கு எக்கோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா அந்தப் படத்தை எடுத்து விரித்து, ‘பயப்படாத, இது வயலப் பாக்கறது. வாய்க்காலப் பாக்கறது வேற’ என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அறிக்கையில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதப்பட்டவர் அவர்தான்.